சம்பந்தி என்ற ஒரு சொல்லில் திறந்துகொண்ட எபிரேயம்

கேள்வி: யூதர்களின் சமயம், பண்டிகை, குடும்பம் சார்ந்த எபிரேயச் சொற்களை எப்படிக் கற்றுக்கொள்வது?

ஆராய்ச்சிப் பணிக்காக இஸ்ரேலின் ரெஹோவோத் நகரில் மூன்று ஆண்டுகள் இருந்தேன். போன புதிதில் ஆங்கில வழிச் சொற்பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு நெட்டுருப் போட்டேன். ஒரு மாதம் கழித்து மனத்தில் நின்றவை ஷாலோம் (வணக்கம்), தோதா (நன்றி) ஆகிய இரண்டும்தான். அவையும் விமான நிலையத்திலேயே காதில் விழுந்தவை.

ஒரு நாள் வீட்டுக்காரப் பாட்டி, வாசலில் நின்ற ஓர் அம்மாளைக் காட்டி "இவர் என் மெஹுத்தெனெத்" என்றார். நான் விழித்தேன். பக்கத்து வீட்டு இளைஞர் ஆங்கிலத்தில் உதவிக்கு வந்தார்: பாட்டியின் மகள், அவளுடைய கணவர், அந்தக் கணவரின் தாய் என்று மூச்சு வாங்க விளக்கினார். "அட, சம்பந்தி!" என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். ஆங்கிலத்தில் ஒற்றைச் சொல் இல்லாத இடத்தில் நம்மிடம் இருந்தது, அவர்களிடமும் இருந்தது. அன்றே அந்தப் பட்டியலைக் குப்பையில் போட்டேன்.

மெஹுத்தெனெத் என்பதற்குள் ஹ், த், ன் என்ற மூன்று மெய்கள் இருக்கின்றன; இவைதாம் அந்தச் சொல்லின் வேர். அவற்றை வைத்தே ஹத்துனா என்றால் திருமணம், ஹத்தான் என்றால் மணமகன். மருமகனும் ஹத்தான்தான், நம் 'மாப்பிள்ளை'யும் இப்படித்தானே இரண்டு வேலை பார்க்கிறார்! ஒரு வேரைப் பிடித்தால் கல்யாண வீடே கைக்கு வந்துவிடுகிறது.

ஆகவே முதலில் எழுத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். மொத்தம் 22 எழுத்துகள், வலமிருந்து இடம். 247 எழுத்துகளைச் சிறுவயதிலேயே கடந்து வந்தவர்களுக்கு இது பெரிய மலையன்று. பொதுவாக உயிர்க்குறிகளை எழுதமாட்டார்கள் என்பதால் வேர் கண்ணுக்கு நேராகத் தெரியும். ஆங்கில எழுத்தில் படித்தால் இந்த உறவு மறைந்துபோகிறது. ஒரு தொல்லை உண்டு: ஐந்து எழுத்துகள் சொல்லின் கடைசியில் வேறு உருவம் எடுக்கும். ஹத்தானின் கடைசியில் வரும் 'நூன்', அதாவது ன் எழுத்து, அப்படிப்பட்டது. ஹத்துனாவின் நடுவில் வரும் நூனும் அதுவும் ஒன்றே என்று எனக்கு உறைக்க ஒரு வாரம் ஆயிற்று.

பண்டிகைச் சொற்களும் இதே கதைதான். தமிழ் பைபிளில் பஸ்கா என்று வரும் பெசாக் பண்டிகையின் முதல் இரவு விருந்துக்குச் சேதெர் என்று பெயர். பொருள், ஒழுங்குமுறை. நான்கு கிண்ணம் திராட்சை மது, கசப்புக் கீரை, புளிக்காத மட்சா ரொட்டி, வீட்டின் இளைய பிள்ளை கேட்கும் கேள்விகள் என எல்லாம் வரிசை தப்பாமல் நடக்கும். பிரார்த்தனைப் புத்தகம் சிதூர். கடைக்காரர் முதல் பஸ் ஓட்டுநர் வரை நாள் முழுதும் சொல்லும் 'பெசேதெர்', அதாவது 'சரி', அதே வேர். பெசாக்கிலிருந்து ஏழு வாரம் எண்ணினால் வருவது ஷாவுவோத். ஷேவா ஏழு, ஷாவுவா வாரம், ஷாவுவோத் வாரங்கள். இதை மனப்பாடம் செய்ய என்ன இருக்கிறது?

எனக்கு மிகவும் பிடித்தது கதோஷ், அதாவது புனிதமான. ஓய்வுநாள் தொடங்கும் வெள்ளி இரவு மதுக் கிண்ணத்தின் மீது சொல்லும் ஆசி கிதூஷ். திருமணத்தில் மணமகளை உரியவளாக்கும் சடங்கு கிதூஷின். பெற்றோரை இழந்த பிள்ளைகள் சொல்லும் கதீஷ், எபிரேயத்தின் சகோதர மொழியான அரமேயத்தில் இதன் உறவு. அந்தப் பிரார்த்தனையில் சாவைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை; பெரும்பாலும் இறைவனைப் போற்றுவதுதான்.

குடும்பச் சொற்களில் அப்பா அப்பாதான், அம்மா 'இமா', தாத்தா 'சபா', பாட்டி 'சவ்தா'. அப்பா ஒத்துப்போவதைக் கண்டு மொழிக்குடும்ப ஆராய்ச்சியில் இறங்கிவிடாதீர்கள். மழலை வாய்க்கு எளிதான ஒலி பல மொழிகளில் இப்படி அமையும். மற்றபடி உறவுமுறையில் எபிரேயம் நம்மிடம் தோற்கிறது. பெரியப்பா, சித்தப்பா, மாமா மூவரும் 'தோத்' என்ற ஒரே ஆள். என் தாய்மாமனைப் பற்றிப் பாட்டியிடம் சொல்லும்போதெல்லாம் 'இமாவின் சகோதரர்' என்று நீட்ட வேண்டியிருந்தது.

வாழ்த்துச் சொற்களை மட்டும் நாள் பார்த்துப் பயன்படுத்துங்கள். 'ஹாக் சமேயாஹ்' என்றால் இனிய பண்டிகை. அதை யோம் கிப்பூர் மாலையில் பாட்டியிடம் உற்சாகமாகச் சொல்லிவைத்தேன். அது உண்ணாமலும் நீர் அருந்தாமலும் பாவமன்னிப்புக் கேட்கும் நாள். பாட்டி சிரித்துவிட்டு, "க்மார் ஹத்திமா தோவா" என்று திருத்தினார். வரும் ஆண்டுக்கான இறைவனின் தீர்ப்பில் நல்ல முத்திரை விழட்டும் என்பது அதன் கருத்து. அடுத்த வாரம் வங்கியில் படிவத்தை நீட்டிய ஊழியர் ஒரு கட்டத்தைத் தொட்டுக் காட்டி "ஹத்திமா" என்றார். விளக்கம் கேட்காமல் கையெழுத்துப் போட்டேன்.