எல்லைச் சாலை வந்தால் லாரி நெரிசல் குறையுமா?

கேள்வி: எண்ணூர் துறைமுகத்தையும் மாமல்லபுரம் அருகிலுள்ள பூஞ்சேரியையும் இணைக்கும் சென்னை எல்லைச் சாலை பகுதி பகுதியாகத் திறக்கப்படும்போது, எங்கள் ஊருக்குள் கண்டெய்னர் லாரிகளின் நெரிசல் குறையுமா?
– வாசகர், திருவள்ளூர்

பதில்: குறையும், ஆனால் எந்தப் பகுதி எப்போது எதனோடு இணைகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமையும். சுமார் 133 கிலோமீட்டர் நீளமுள்ள இச்சாலை ஐந்து பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்சாலைகளிலிருந்து துறைமுகம் செல்லும் லாரிக்கு உங்கள் ஊரில் எந்த வேலையும் இல்லை. தச்சூர் வழியாக எண்ணூர் வரை தடையற்ற பாதை கிடைத்தால் அது தானாகவே விலகிவிடும். என் கவலையெல்லாம் இடைக்காலத்தைப் பற்றியதுதான். ஒரு பகுதி முடிந்து அடுத்தது முடியாத நிலையில், அகன்ற சாலையில் வேகமாக வந்த வாகனங்கள் அனைத்தும் அது முடியும் இடத்தில் பழைய சாலையில் இறங்கும். காலை எட்டரை மணிக்கு அங்கே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையைக் கடக்கும் பள்ளிப் பிள்ளைகள்தான் அந்த ஆபத்தை எதிர்கொள்ள நேரிடும். சுங்கக் கட்டணத்தைத் தவிர்க்க ஊர்ச்சாலைகளில் நுழையும் ஓட்டுநர்களும் இருப்பார்கள். ரயில் நிலையத்துக்கும் சந்தைக்கும் வரும் இருசக்கர வாகனங்கள், ஷேர் ஆட்டோக்களின் கூட்டம் இதனால் குறையப்போவதில்லை. எனவே, சந்திப்புகளில் சிக்னல், அணுகுசாலை, பகல்நேரக் கனரக வாகனத் தடை ஆகியவற்றைத் திறப்புக்கு முன்பே உறுதிசெய்யுமாறு, ஆட்சியர் தலைமையிலான மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவிடம் ஊர்மக்கள் இப்போதே மனு அளியுங்கள்.