31 கூடு என்றால் 62 பறவையா?

கேள்வி: அத்திப்பட்டுப் புதுநகரில் ஆசிரியராக இருக்கிறேன். எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிக் கைவிடப்பட்டுக் கிடக்கும் உப்பளம் ஒன்றில், மார்ச் முதல் மே வரை ஞாயிறுதோறும் மாணவர்களோடு நடந்து, சிவப்பு மூக்கு ஆட்காட்டியின் கூடுகளைக் குறித்தோம். மொத்தம் 31 கூடுகள். ஒரே நாளில் முட்டையோடு இருந்தவை அதிகபட்சம் 13. அங்கே 62 பறவைகள் இனப்பெருக்கம் செய்தன என்று எழுதலாமா?

பதில்: எழுத வேண்டாம். கூடு வேறு, இணை வேறு. காகமோ நாயோ கீரியோ முட்டைகளைத் தின்றுவிட்டால், ஆட்காட்டி இணை சில நாட்களில் பக்கத்திலேயே மண்ணைச் சீய்த்து மறுபடியும் முட்டையிடும். ஒரே இணை உங்கள் குறிப்பேட்டில் இரண்டு மூன்று முறை ஏறியிருக்கக்கூடும். ஆகவே 31 என்பது கூட்டிச் சொன்ன கணக்கு. அதற்காக 13-ஐயும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. எல்லா இணைகளும் ஒரே நாளில் அடைகாப்பதில்லை என்பதால், அது குறைந்தபட்ச எண் மட்டுமே.

இடையில் உள்ள உண்மையை நெருங்க உதவுவது தேதி. இந்தப் பறவை வழக்கமாக 4 முட்டையிட்டு, ஏறத்தாழ 28 முதல் 30 நாள் அடைகாக்கும். இரண்டு முட்டையோடு கண்ட கூட்டில் அடுத்த வாரம் நான்கு இருந்தால், முட்டையிடத் தொடங்கிய நாளை முட்டையைத் தொடாமலேயே கணித்துவிடலாம். ஒரே நாளில் உயிர்ப்போடு இருந்த இரு கூடுகள் இரு வேறு இணைகளுடையவை. ஒன்று அழிந்து பத்து நாள் கழித்து முப்பது அடி தள்ளித் தோன்றியது, பெரும்பாலும் அதே இணையின் மறுமுயற்சி. வரைபடத்தில் இப்படிச் சேர்த்துக்கொண்டே வந்தால் 31 சுருங்கிவிடும்.

கண்ணில் படாத கூடுகளும் உண்டு. கூடு என்றாலும் காலால் சீய்த்த சிறு பள்ளம்தான். ஓரத்தில் உலர்ந்த சேற்றுக் கட்டிகளும் சிப்பித் துண்டுகளும் கிடக்கும், கருந்திட்டு முட்டைகள் கூர்முனை உள்நோக்கி அமைந்து மண்ணோடு மண்ணாகத் தெரியும். எனவே ஒரே காலையில் இரு குழுக்களை, ஒன்றோடொன்று பேசாமல், தனித்தனியே அனுப்புங்கள். முதல் குழு 12, இரண்டாவது 10, இருவரும் கண்டவை 8 என்றால், 12-ஐ 10-ஆல் பெருக்கி 8-ஆல் வகுக்க, அன்றிருந்த கூடுகள் சுமார் 15. (இருவருக்குமே எட்டாத புதர் மறைவுக் கூடு இந்தக் கணக்கிலும் நழுவும்.)

வாரம் ஒருமுறை போவதால், இடையில் தோன்றி மூன்றே நாளில் அழிந்தவை உங்களுக்குத் தெரியவே தெரியாது. இதைச் சரிக்கட்ட 1961-இல் அமெரிக்கப் பறவை ஆய்வாளர் ஹெரால்ட் மேஃபீல்ட் காட்டிய வழி, கூடுகளைக் கண்காணித்த நாட்களைக் கூட்டி, நாளொன்றுக்குத் தப்பிப் பிழைக்கும் விகிதத்தைக் கணிப்பது. அது 0.97 என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் 28 நாளும் தாங்குபவை ஏறத்தாழ 43 விழுக்காடுதான். மறுமுயற்சிகள் ஏன் இவ்வளவு அதிகம் என்பது இதிலேயே விளங்கும்.

அறிக்கையில் ஒற்றை எண்ணைப் போடாமல், ‘குறைந்தது 13 இணைகள்’ என்று எழுதி, தேதிகளைச் சேர்த்துப் பார்த்தபின் கிடைக்கும் மேல்வரம்பையும் தாருங்கள். கூட்டருகே குச்சி நடாதீர்கள், காகம் அதைக் கவனித்துக்கொண்டிருக்கும். பத்தடி தள்ளி ஒரு கல் வைத்தால் போதும், வெயில் ஏறுமுன் விலகியும் விடுங்கள்.