எட்டுக் கட்டுக் கணக்கு

கேள்வி: அம்மா ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போனதால் என்னையும் தம்பியையும் வளர்த்தது எங்கள் பாட்டி, ஆயாதான். வாதம் வந்து படுத்துவிட்ட தாத்தாவை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டதும் அவர்தான். வரும் மாதம் ஆயாவுக்கு வருஷ திதி. நினைவஞ்சலி நோட்டீஸில் 'தியாகச் சுடர்', 'பாசத்தின் சிகரம்' என்று போடலாம் என்கிறான் தம்பி. எனக்கு மனசு ஒப்பவில்லை. என்ன எழுதுவது அக்கா?
– வாசகி, பள்ளிகொண்டா

பதில்: மனசு ஒப்பாதது சரிதான், தங்கச்சி. அந்த வார்த்தைகளை யார் படத்துக்குக் கீழே போட்டாலும் பொருந்தும். உங்கள் ஆயாவின் கை என்ன செய்தது என்று எழுதுங்கள்.

எங்கள் ஆயா குடியாத்தத்தில் பீடி சுற்றியவர். எங்கள் தாத்தாவும் வாதத்தில் பதினோரு வருஷம் கட்டிலில் கிடந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் போடவேண்டும், இல்லாவிட்டால் எலும்பு அழுத்தும் இடத்தில் ரத்த ஓட்டம் நின்று புண் வந்துவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆயாவுக்கு மணி பார்க்கத் தெரியாது. ஒரு கட்டுக்கு 25 பீடி. ஒரு மணி நேரத்தில் நாலு கட்டு சுற்றுவார் என்று வீட்டில் யாரோ கணக்குப் போட்டுச் சொன்னார்கள். அன்றிலிருந்து எட்டுக் கட்டு ஆனதும் மடியிலிருக்கும் முறத்தை இறக்கிவிடுவார். புகையிலை வாடை போகக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவார். தாத்தாவை ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகுக்குப் பின்னாலும் முழங்கால்களுக்கு நடுவிலும் பழைய வேட்டியைச் சுருட்டி வைப்பார். குதிகால், இடுப்பு, முதுகின் அடி எல்லாம் விரலால் தடவிப் பார்த்த பிறகுதான் மறுபடி முறத்தை எடுப்பார். கடைசிவரை தாத்தா உடம்பில் ஒரு படுக்கைப் புண் கிடையாது. ராத்திரியில் பீடியும் இல்லை, கட்டும் இல்லை. எந்தக் கணக்கில் எழுந்தாரோ! கேட்காமலே விட்டுவிட்டேன். இன்றைக்கும் உறுத்துகிறது.

அதனால்தான் உங்களை அவசரப்படுத்துகிறேன். கம்பெனி வேன் எத்தனை மணிக்கு வரும், அதற்குள் அம்மாவுக்கு டிபன் பாக்ஸில் என்ன கட்டினார், தாத்தாவுக்குக் களியை எந்தப் பதத்தில் கரைத்தார்? அம்மாவைக் கேளுங்கள். அக்கம்பக்கத்துப் பெண்களையும் கேளுங்கள், அம்மா வேலைக்குப் போன பகல் முழுக்கப் பார்த்தவர்கள் அவர்கள். உங்கள் பக்கத்து இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது, அதை எங்கள் தாத்தாவின் தொண்டையில் சிக்காதபடி எங்கள் ஆயா மசியக் கடைந்ததுதான் எனக்கு நினைவுக்கு வந்தது.

உங்கள் ஆயாவின் ஆசை ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள். தியாகம் என்று சொல்லிவிட்டால் அவருக்கு ஆசையே இல்லாததுபோல் ஆகிவிடும். வைகாசி ஒன்றாம் தேதி கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்குக் குடியாத்தமே திரளும். வருஷா வருஷம் மேளச் சத்தத்தைத் திண்ணையிலிருந்தே கேட்ட எங்கள் ஆயா, ஒரே ஒரு வருஷம், "எதிர்வீட்டு பாயம்மா பீடி சுத்துது பாரு, எண்ணிக்கினே இரு. எட்டு ஆவறதுக்குள்ள வந்துடறேன்" என்று என்னிடம் சொல்லிவிட்டு ஓடினார். எனக்கு அப்போது பத்து வயசு. ஆறாவது கட்டு முடியும்போதே நெற்றி நிறையக் குங்குமத்தோடு மூச்சு வாங்க வந்து நின்றார். அம்மன் முகத்தைப் பார்த்துவிட்டாராம். சொல்லிக்கொண்டே தாத்தாவின் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தார்.