புக்கெட் சுற்றுலா: "பருவநிலைதான் காரணம்" என்ற பதில் சட்டப்படி நிற்குமா?

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த நண்பர்கள் ஆறு பேர், 2025 ஆகஸ்ட் மாதம் ஒரு பயண நிறுவனம் மூலம் தாய்லாந்தின் புக்கெட் தீவுக்கு ஐந்து இரவுச் சுற்றுலா சென்றோம். தலைக்கு 68,000 ரூபாய் வீதம் 4,08,000 ரூபாயையும், அதற்கு மேல் டி.சி.எஸ். (விற்பவர் முன்கூட்டியே வசூலித்துக் கட்டும் வருமான வரி) 20,400 ரூபாயையும் எல்லோரிடமும் வசூலித்து என் கணக்கிலிருந்து செலுத்தினேன். கட்டா கடற்கரையை ஒட்டிய ஓட்டல், சிமிலன் தீவுகள், மாயா பே என்ற தீவு விரிகுடா ஆகியவை திட்டத்தில் இருந்தன. தங்க வைத்ததோ கடலே தெரியாத சலோங் சாலையில். தீவுப் பயணம் இரண்டுமே நடக்கவில்லை. விசாவுக்கென்று தலைக்கு 3,500 ரூபாய் தனியாகவும் வாங்கினார்கள். கேட்டால், "மழைக்காலத்துக்கு நாங்கள் பொறுப்பில்லை, வழக்கு என்றால் மும்பைக்கு வாருங்கள்" என்கிறார்கள். நண்பர்களில் ஒருவர் என்னிடமே பணத்தைத் திருப்பிக் கேட்கிறார். என்ன செய்யலாம்? — திருச்சி வாசகர்

பதில்: தங்கள் கடிதத்துடன் இணைத்திருந்த பயணத் திட்டத்தை முழுவதும் படித்தேன். நான்காம் நாள் "சிமிலன் தீவுகள், முழுநாள்" என்றும், ஐந்தாம் நாள் "மாயா பே, விரைவுப் படகு" என்றும் தேதியோடு அச்சிட்டிருக்கிறார்கள். சிமிலன் தேசியப் பூங்கா ஆண்டுதோறும் மே 16 முதல் அக்டோபர் 14 வரை மூடப்படுவது. மாயா பே, பவளப்பாறைகள் மீள்வதற்காக, ஆகஸ்ட், செப்டம்பர் ஆகிய இரு மாதங்களும் மூடப்படுவது. அந்தமான் கடலோரத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வீசும் காலம் அது. பணம் வாங்கிய அன்றே இவ்விரு பயணங்களும் நடக்க வாய்ப்பில்லை என்று புக்கெட் பயணம் விற்கும் எவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். திடீரென்று புயல் எழுந்து படகு புறப்படாமல் போயிருந்தால் அந்நிறுவனத்தின் பதிலை நானும் ஏற்றிருப்பேன். இங்கே நடந்தது மூடிய வாயிலுக்கு நுழைவுச் சீட்டு விற்ற செயல்.

2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11)-இல், நுகர்வோருக்குத் தேவையான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் சேவைக் குறைபாடு என்றே வரையறுக்கிறது. தங்கள் வழக்கின் உயிர் இந்தப் பிரிவில்தான் இருக்கிறது. எனவே "மழை பெய்தது, படகு வரவில்லை" என்று புகாரை எழுதாமல், "மூடியிருப்பதை மறைத்து விற்றார்கள்" என்று முதல் பத்தியிலேயே எழுதுங்கள். விசாக் கட்டணம் இதைவிடவும் வெளிப்படையானது. 2024 ஜூலை 15 முதல் இந்தியர்கள் சுற்றுலாவுக்காக 60 நாள் வரை விசா இல்லாமலேயே தாய்லாந்துக்குள் செல்ல முடிந்தது. 2025 மே முதல் தேதியிலிருந்து கட்டாயமாகிய இணையவழி வருகை அட்டைக்கும் கட்டணம் கிடையாது. ஆகவே அந்த 21,000 ரூபாய் எதற்காக வாங்கப்பட்டது என்று விளக்க வேண்டிய பொறுப்பு அவர்களுடையது.

மும்பைக்குப் போக வேண்டியதில்லை. புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே புகார் அளிக்கும் உரிமையைப் பிரிவு 34(2)(டி) தருகிறது. நிறுவனம் அச்சிட்ட நிபந்தனையைக் கொண்டு அந்த உரிமையைப் பறிக்க முடியாது. செலுத்திய தொகை 50 லட்சத்துக்கு உட்பட்டது என்பதால் திருச்சி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையமே போதும். 5 லட்சம் வரை கட்டணமும் இல்லை. பணம் தங்கள் கணக்கிலிருந்து போனாலும், தங்கள் ஒப்புதலோடு சேவையைப் பயன்படுத்திய ஐவரும் சட்டத்தின் பார்வையில் நுகர்வோரே. சில நுகர்வோர் சேர்ந்து ஒரே புகாராகத் தாக்கல் செய்யலாம் என்று 2021 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருப்பதால், ஆறு பேரும் கையெழுத்திட்டு ஒரே புகாராகக் கொடுப்பதையே பரிந்துரைக்கிறேன். புக்கெட்டில் உள்ள உள்ளூர் ஏற்பாட்டாளர் மீது நிறுவனத்தார் பழியைப் போடக்கூடும். தாங்கள் ஒப்பந்தம் செய்ததும் பணம் கொடுத்ததும் இந்த நிறுவனத்திடம்தான் என்பதால், அது அவர்களுக்கு இடையேயான விவகாரம்.

ஆதாரங்களை இப்போதே பத்திரப்படுத்துங்கள். வாட்ஸ்அப்பில் "கடலைப் பார்த்த அறை சார், உறுதி" என்று அவர்களுடைய ஊழியர் அனுப்பிய செய்தியை அழிந்துவிடாமல் சேமித்து, அச்செடுத்து, பாரதிய சாட்சிய சட்டம் பிரிவு 63(4)-இன்படி மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழும் இணைக்க வேண்டும். சலோங் ஓட்டலின் ரசீது, அறைச் சன்னலிலிருந்து தாங்கள் எடுத்த கார் நிறுத்துமிடப் படம், கடற்கரையில் சிவப்புக் கொடி பறக்கும் படம் ஆகிய மூன்றும் தேதியோடு இருப்பது நல்லது.

முதலில் 15 நாள் அவகாசம் கொடுத்து, விரைவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். பல நிறுவனங்கள் இந்தக் கட்டத்திலேயே பேச வருகின்றன. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிந்து வைக்கலாம். பலன் இல்லையென்றால் நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ருதி இணையதளம் வழியாகப் புகாரைத் தாக்கல் செய்யலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள் என்பதால் 2027 ஆகஸ்ட் வரை நேரம் இருக்கிறது. அதற்காகத் தள்ளிப்போட வேண்டாம். கோரிக்கையை நியாயமாக வையுங்கள். விமானத்தில் போய் வந்தீர்கள், ஐந்து இரவு தங்கினீர்கள், சாப்பிட்டீர்கள். முழுத்தொகையும் கேட்டால் ஆணையம் ஏற்காது. விசாவுக்கு வாங்கியது முழுவதும், நடக்காத இரு பயணங்களின் மதிப்பு, இரு ஓட்டல்களுக்கும் உள்ள வாடகை வித்தியாசம், மன உளைச்சலுக்கான இழப்பீடு, வழக்குச் செலவு என்று தனித்தனியே கணக்கிட்டுக் கேளுங்கள்.

பணம் திருப்பிக் கேட்கும் நண்பரைப் பற்றித் தாங்கள் எழுதியிருந்த வரிகளில் உண்மையான வருத்தம் தெரிந்தது. ஊதியமில்லாமல் நண்பர்களுக்காக ஏற்பாடு செய்தவர் சேவை வழங்குநர் ஆகமாட்டார். அந்த நண்பர் தங்கள் மீது நுகர்வோர் வழக்குத் தொடுக்க இயலாது. ஏற்பாடு செய்தவர் என்பதற்காக நிறுவனம் தங்களுக்கு மட்டும் தள்ளுபடி எதுவும் தந்திருந்தால், அதை இன்றே எல்லோரிடமும் சொல்லிப் பகிர்ந்துவிடுங்கள். பிறகு தெரியவந்தால் நிலைமை வேறாகிவிடும்.

இன்னொன்றும் உண்டு. டி.சி.எஸ். தொகையான 20,400 ரூபாய் நிறுவனத்தின் வருமானம் அன்று. தங்கள் பான் எண்ணில் வருமான வரிக் கணக்கில் வரவாகியிருக்க வேண்டிய தொகை. அதைப் புகாரில் சேர்க்க வேண்டாம். தங்கள் பெயரில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தில் சரிபார்த்து, கணக்குத் தாக்கலில் அதன் பலனைப் பெற்றதும், நண்பர்கள் ஐவருக்கும் தலைக்கு 3,400 ரூபாய் வீதம் 17,000 ரூபாயைத் தாங்கள்தான் திருப்பித் தர வேண்டும்.