மேற்கு வர்ஜீனியாவின் பழைய நிலக்கரி ஊர்களின் வரலாற்றை எப்படித் தேடுவது? எங்கு தேடினாலும் ஹாட்ஃபீல்டு, மெக்காய் என்ற இரு குடும்பங்களின் பகைதானே வருகிறது?

ஊர்ப் பெயரைப் போட்டுத் தேடியிருப்பீர்கள். அங்கேதான் சிக்கல். அப்பலாச்சிய மலையில் முதலில் பிடிக்க வேண்டியது கவுண்டியை, அதாவது நம் மாவட்டம் போன்ற மாநில உட்பிரிவை. அதிலும், நீங்கள் தேடும் ஆண்டில் அந்த இடம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்பது முக்கியம்.

அந்தப் பகையையே எடுத்துக்கொள்ளுங்கள். டக் ஃபோர்க் ஆற்றின் ஒரு கரை கென்டக்கியின் பைக் கவுண்டி, மறுகரை இன்றைய மிங்கோ. ஆனால் மிங்கோ லோகனிலிருந்து பிரிந்ததே 1895இல்தான். 1880களில் நடந்த சண்டைக்கு மிங்கோவில் பதிவு கேட்டால் வெறுங்கையோடு திரும்புவீர்கள். லோகனிலும், பைக் கவுண்டியின் தலைநகரான பைக்வில்லிலும் கேட்க வேண்டும். மெக்டவல் கவுண்டி 1858இல் டேஸ்வெல்லிலிருந்து பிரிந்தது. 1863இல் மேற்கு வர்ஜீனியா தனி மாநிலமாகிவிட, டேஸ்வெல் வர்ஜீனியாவிலேயே நின்றுவிட்டது. ஆக, மெக்டவல் நிலத்தின் மூலப்பத்திரம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது.

அடுத்த தடை, இந்த ஊர்களில் பல ஊராகவே பதிவாகவில்லை. மெக்டவலிலுள்ள கேரியைப் பாருங்கள். யு.எஸ். ஸ்டீல் என்ற எஃகு நிறுவனத்தின் துணை நிறுவனம் 1900களின் தொடக்கத்தில் கட்டிய குடியிருப்பு அது. நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரியின் பெயரையே வைத்தார்கள். வில்கோ, தார்ப், ஃபில்பர்ட் என்று சுற்றிலும் பல முகாம்கள். எல்லாம் சேர்ந்து நகராட்சியானது 1971இல். அதற்கு முன் நகர்மன்றத் தீர்மானப் புத்தகம் என்று எதுவும் இருக்க வழியில்லை. வீடுகள் நிறுவனத்துடையவை என்பதால் தொழிலாளி பெயரில் கிரயப் பத்திரமும் இராது. பத்திர அட்டவணையில் நிலம் விற்ற பழைய விவசாயியின் பெயரையோ, வாங்கிய நில நிறுவனத்தின் பெயரையோதான் தேட வேண்டும். மேல்நிலத்தையும் அடியிலுள்ள கனிமத்தையும் பிரித்து விற்றிருப்பார்கள், ஆகவே ஒரே மனைக்கு இரண்டு பத்திரச் சங்கிலிகள் ஓடும். பத்திரமும் உயிலும் கவுண்டி கிளார்க்கிடம், வழக்குக் கட்டுகள் நீதிமன்றத்தின் சர்க்யூட் கிளார்க்கிடம். இரண்டும் வேறு அலுவலகங்கள்.

அப்படியானால் தொழிலாளியின் பெயர் எங்கே கிடைக்கும்? பெரும்பாலும் இறப்பில்தான். 1917 முதல் மாநிலம் முழுவதும் இறப்புச் சான்றிதழ் பதிவானது. மாநில ஆவணக் காப்பகத் தளத்தில் அசல் படிவத்தின் படத்தையே இலவசமாகப் பார்க்கலாம். பெற்றோர் பெயர், பிறந்த நாடு, இறப்பின் காரணம் எல்லாம் அதில் உண்டு. ‘ஸ்லேட் ஃபால்’ என்று கண்டால், சுரங்கக் கூரைப் பாறை பெயர்ந்து விழுந்தது என்று பொருள். பெரிய வெடிவிபத்துகளைவிட இப்படி ஒருவர் இருவராகச் செத்தவர்களே அதிகம். 1917க்கு முன்னால் என்றால் மாநிலச் சுரங்க ஆய்வாளரின் ஆண்டறிக்கையைப் பாருங்கள். இறந்தவர் பெயர், வயது, நாட்டினம், சுரங்கம் என்று பட்டியலே இருக்கும். அந்தக் கணக்காண்டு ஜூன் 30இல் முடிந்தது. மோனங்கா சுரங்க வெடிவிபத்தில் 360க்கு மேற்பட்டோர் இறந்தது 1907 டிசம்பரில், அது இருப்பதோ 1908 அறிக்கையில்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஊர்ப் பெயரை நம்பாதீர்கள். கவுண்டிக்குள் இருக்கும் மாஜிஸ்டீரியல் டிஸ்ட்ரிக்ட் வாரியாகப் புரட்டுங்கள். 1890 படிவங்கள் 1921 தீவிபத்தோடு போயின. மெக்டவலுக்கு ரயில் வந்த காலமே அதுதான், பெரிய இழப்பு. 1910இல் பிறந்த நாடு ‘ஆஸ்திரியா’ என்றிருந்தால் அப்படியே எழுதிக்கொள்ள வேண்டாம். அது பேரரசின் பெயர், ஆள் போலந்துக்காரராகவோ ஸ்லோவாக்காகவோ குரோவேஷியராகவோ இருக்கலாம். அதே வரியில் தாய்மொழி இருக்கிறதா பாருங்கள்.

‘வம்ச ஆராய்ச்சிச் சந்தா தளத்தில் பெயரைத் தட்டினால் எல்லாம் வருமே’ என்பவர்களுக்கு: சந்தா தளங்களை நான் குறை சொல்லவில்லை. ஆனால் அயல்நாட்டுப் பெயரைக் காதில் விழுந்தபடி எழுதினான் கணக்கெடுப்பாளன், அதைத் தப்பாகப் படித்தது அட்டவணை. தேடுபெட்டியில் விழாத ஆளைப் பக்கம் பக்கமாகத்தான் தேட வேண்டும்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் இதைச் சொல்ல வேண்டும். இடிந்த வீடுகளை மட்டும் படம்பிடித்து ‘அமெரிக்காவின் ஏழை ஊர்’ என்று காணொளி போடுகிறவர்கள் மீது எனக்குத் தீராத கோபம். மெக்டவலில் 1950இல் 98,887 பேர் இருந்தார்கள், 2020இல் 19,111. எந்திரம் வந்து வேலை போன கதையைச் சொல்லாமல் உடைந்த சன்னலைக் காட்டுவது அந்த மக்களுக்குச் செய்யும் அநியாயம். மெக்டவலின் கீஸ்டோன் ஊரிலிருந்து கறுப்பின மக்கள் நடத்திய ‘மெக்டவல் டைம்ஸ்’ வார இதழைப் படித்துப் பாருங்கள். தேவாலயம், பள்ளி, தேர்தல், கல்யாணம் என்று நிறைந்த ஊர்கள் அவை. காங்கிரஸ் நூலகத்தின் செய்தித்தாள் தொகுப்பில் அதன் இதழ்கள் இருக்கின்றன.

கல்லறைகளைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முகாம் கல்லறைகள் பல இன்று தனியார் நிலத்துக்குள் மாட்டிக்கொண்டவை. வம்ச ஆராய்ச்சிக்காகப் போய்ப் பார்க்க மேற்கு வர்ஜீனியாச் சட்டம் இடம் தருகிறது, ஆனால் நில உரிமையாளருக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். இலையுதிர்ந்த குளிர்காலத்தில் போங்கள். கோடையில் புதர் மூடி கல்லே தெரியாது, பாம்பும் இருக்கும்.