மொட்டைக் கடிதத்துக்கு யார் பதில் சொல்வது?

அன்புள்ள ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளி ஒன்றில் தலைமை ஆசிரியையாக இருக்கிறேன். போன வாரம் அலுவலகக் கதவுக்கடியில் ஒரு மொட்டைக் கடிதம் கிடந்தது. மதியத்துக்கு மேல் பெண்பிள்ளைகள் கழிப்பறையில் தண்ணீர் வருவதில்லை, ஏழாம் வகுப்பு சார் ஸ்கேலால் அடிக்கிறார், நான் பெற்றோரிடம் எரிந்து விழுகிறேன் என்று மூன்று குறைகள். ரேங்க் கார்டு கையெழுத்துகளோடு ஒப்பிட்டால் ஆளைப் பிடித்துவிடலாம் என்கிறார்கள் சக ஆசிரியர்கள். பெயர் போடத் தைரியமில்லாதவருக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்?

(என் பெயரையும் ஊரையும் வெளியிட வேண்டாம்.)

அன்புள்ள டீச்சர்,

அடைப்புக்குறிக்குள் நீங்கள் எழுதியிருப்பதை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். எழுதியவருக்கும் அதே பயம்தான். அதிலும் அவர் பிள்ளை சாயங்காலம் வரை உங்கள் கையில் இருக்கிறது. ஆளைக் கண்டுபிடித்தால் அந்தப் பிள்ளையை யாரும் பழையபடி பார்க்கப்போவதில்லை. ரேங்க் கார்டுகளைக் கட்டி உள்ளே வையுங்கள்.

தண்ணீர் விஷயத்துக்கு எழுதியவர் யாரென்று தெரியவே வேண்டாம். மூன்று மணிக்குப் போய்க் குழாயைத் திறந்து பாருங்கள். காலையில், கழுவி விட்ட கையோடு போய்ப் பார்த்துவிட்டு 'எல்லாம் சரி' என்று எழுதிவிடாதீர்கள்.

ஸ்கேல் விஷயம் அப்படியில்லை. கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு அடிப்பதைத் தடை செய்கிறது. ஆனால் ஒரு மொட்டைக் கடிதத்தை வைத்து ஓர் ஆசிரியரைக் குற்றவாளி ஆக்கவும் முடியாது. பிள்ளைகளிடம் அவர் இல்லாதபோது பேசுங்கள், அவரிடம் தனியாகக் கேளுங்கள். ஆசிரியர் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தால் அன்றே எல்லோரும் துப்பறிய ஆரம்பித்துவிடுவார்கள். ஒன்று மட்டும் விதிவிலக்கு: பாலியல் சீண்டல் என்று ஒரு வரி இருந்தாலும் நீங்கள் விசாரித்துக்கொண்டிருக்கக் கூடாது. உடனே காவல்துறைக்குச் சொல்ல வேண்டும், குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லலாம். தெரிந்தும் சொல்லாமல் விட்டால் போக்சோ சட்டப்படி பள்ளிப் பொறுப்பாளருக்குச் சிறை வரை போகும்.

சரி, முகவரி இல்லாதவருக்கு எப்படிப் பதில் சொல்வது? எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும் என்பது சட்டம். (பல ஊர்களில் அந்தக் குழு தீர்மான நோட்டில் கையெழுத்தாக மட்டுமே கூடுகிறது, அது வேறு கதை.) அடுத்த கூட்டத்தில், "மதியம் தண்ணீர் வரவில்லை என்று தெரிந்தது, இன்ன தேதிக்குள் மோட்டாரைச் சரிசெய்கிறோம்" என்று சொல்லுங்கள். அறிவிப்புப் பலகையிலும் எழுதிப் போடுங்கள். 'யாரோ எழுதியிருக்கிறார்கள்' என்ற குத்தல் மட்டும் வேண்டாம். உங்களால் முடியாததை முடியாது என்றே சொல்லலாம். கட்டடத்துக்கு நிதி வர வேண்டுமென்றால் அவர்களுக்கும் புரியும்.

மூன்றாவது குறைதான் உங்களைச் சுட்டிருக்கிறது. முதல் இரண்டும் உங்கள் காதில் சரியாக விழாததற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். அதற்கு இப்போது பதில் சொல்ல வேண்டாம். முதலில் மோட்டாருக்கு ஆள் அனுப்புங்கள்.