மூன்று தண்ணீர் ஊற்றியதும் வேலைக்கு வரலாமா?

கேள்வி: மலேசியாவில், பட்டர்வொர்த்தில் ஒரு பல் கிளினிக்கில் கவுண்டரைப் பார்த்துக்கொள்கிறேன். டாக்டரோடு சேர்த்து நாங்கள் ஐந்து பேர். எங்கள் டென்டல் நர்ஸ் பெண்ணுக்குச் செவ்வாய் காலை உடம்பெல்லாம் நீர்க்கொப்புளம். சின்னம்மை என்று சொல்லிவிட்டார்கள். ஞாயிறு எங்களுக்கு விடுமுறை. ஆனால் திங்கள் முழுக்க அவள் வேலை செய்தாள். என்னோடு கவுண்டரில் இருக்கும் பெண் ஐந்து மாத கர்ப்பிணி. டாக்டர் கிளினிக்கை மூன்று நாள் மூடி மருந்து அடிக்கலாம் என்கிறார். அந்த நர்ஸ் பெண்ணின் அம்மாவோ மூன்று தண்ணீர் ஊற்றியதும் வேலைக்கு அனுப்புகிறேன் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: சகோதரி, உங்கள் கேள்வி கிடைத்த அன்றே கர்ப்பிணிப் பெண்ணைப் பற்றி மட்டும் போனில் சொல்லிவிட்டேன். பதில் வெளிவரும்வரை அது காத்திருக்காது. மற்ற வாசகர்களுக்காக அதையும் இங்கே சேர்த்துச் சொல்கிறேன்.

முதலில் மருந்து அடிக்கும் விஷயம். டெங்கிக்குப் புகை அடித்துப் பார்த்துப் பழகிய ஊர் நம்முடையது, அதனால் எந்த நோய் வந்தாலும் புகை போட்டால்தான் மனசு அடங்குகிறது. சின்னம்மைக் கிருமி மேசையிலும் நாற்காலியிலும் வெகுநாள் உயிரோடு இருப்பதில்லை. தினமும் துடைக்கிற மருந்தால் துடைத்து, ஏர்கோனை நிறுத்தி ஜன்னலைத் திறந்துவிட்டால் போதும். இந்தக் கிருமி காற்றில் பரவுவது. கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவத் தொடங்கிவிடும். ஆக, நடக்கவேண்டியது திங்களன்றே நடந்து முடிந்துவிட்டது. மூன்று நாள் கதவை மூடுவதால் வாடகை நஷ்டம்தான். நான்காம் நாள் கிளினிக்கைத் திறக்கும்போது, அந்தக் காற்றைச் சுவாசித்தவர்கள் அதே ஆட்களாக உள்ளே வருவார்கள்.

எனவே அறையை விடுங்கள், ஆட்களைப் பாருங்கள். யாருக்கு ஏற்கெனவே சின்னம்மை வந்திருக்கிறது, யார் இரண்டு தடுப்பூசியும் போட்டிருக்கிறார்கள்? அவர்கள் வழக்கம்போல வேலை செய்யலாம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. "சின்ன வயதில் எனக்கு அம்மை போட்டது" என்று நம் ஆட்கள் சொன்னால் எந்த அம்மை என்று கேட்கவேண்டும். தட்டம்மையும் அம்மைதான், தாடை வீங்கும் புட்டாளம்மையும் அம்மைதான். "மலாய்க்காரர்கள் சச்சார் ஆயர் என்பார்களே, அதுவா? தழும்பு இருக்கிறதா?" என்று அம்மாவிடமோ அத்தையிடமோ கேட்கச் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துவிடுங்கள். நம்மைப்போன்ற வெயில் நாடுகளில் குழந்தையாக இருக்கும்போது இது வராமல் தப்பி, வளர்ந்தபின் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம். இந்தத் தடுப்பூசி நம் அரசாங்க அட்டவணையிலும் இல்லை, தனியாகக் காசு கொடுத்துப் போட்டவர்களுக்குத்தான் உண்டு.

எதிர்ப்புசக்தி இல்லாதவர் கர்ப்பமாக இல்லையென்றால், அந்தத் திங்களிலிருந்து மூன்று நாளுக்குள், அதிகம் போனால் ஐந்து நாளுக்குள், தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. நோய் வராமலும் போகலாம், வந்தாலும் லேசாகப் போகும். அப்புறம் நாள் எண்ணுங்கள். திங்களைப் பூஜ்யமாக வைத்தால் 8ஆம் நாள் அடுத்த வாரச் செவ்வாய், 21ஆம் நாள் மூன்று வாரம் கழித்து வரும் திங்கள். இந்த இடைவெளியில் அவர் கிளினிக்குக்கு வரக்கூடாது. ஏன் எட்டு? கிருமி உள்ளே போய்க் கொப்புளமாக வெளிவர 10 முதல் 21 நாள் ஆகும். வெளிவருவதற்கு இரண்டு நாள் முன்பே பரவும் என்பதால் பத்தில் இரண்டைக் கழித்துவிடுகிறோம். ஏழாம் நாள் வரை அவர் தாராளமாக வேலை செய்யலாம். "மாஸ்க் போட்டுக்கொண்டு வரட்டுமே" என்று உங்கள் டாக்டர் கேட்பார். வேறு கடையாக இருந்தால் நானும் யோசிப்பேன். பல் கிளினிக்கில் உதவியாளர் எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு முழ தூரத்தில் நிற்கிறார். நாற்காலியில் இருப்பவரோ அரைமணி நேரம் வாயைத் திறந்துகொண்டு கிடக்கிறார். அவருக்கு மாஸ்க் மாட்ட முடியுமா?

கர்ப்பிணிப் பெண்ணுக்கு உடனே ரத்தப் பரிசோதனை. எதிர்ப்புசக்தி இருந்தால் கவலையே இல்லை. இல்லையென்றால் தடுப்பூசி கூடாது, அது உயிருள்ள கிருமியால் செய்தது. பத்து நாளுக்குள் எதிர்ப்புப் புரத ஊசி போடலாம்; ஏழாம் நாளிலிருந்து வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தருவதும் உண்டு. அவருடைய பிரசவ டாக்டர் முடிவு செய்வார். 20 வாரத்துக்குள் தாய்க்கு இந்த நோய் கண்டால் குழந்தைக்குப் பாதிப்பு வரும் வாய்ப்பு நூற்றில் ஒன்றிரண்டு. அதைவிட நான் பயப்படுவது தாயின் நுரையீரலைப் பற்றித்தான்.

நோய் கண்ட பெண்ணுக்கு வருகிறேன். பெரியவர்களுக்கு இது குழந்தைகளுக்குப்போல விளையாட்டாகப் போகாது. கொப்புளம் கண்ட 24 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரை தொடங்கினால் நல்ல பலன் உண்டு. காய்ச்சலுக்கு பனடோல் போதும், ஆஸ்பிரினும் இபுபுரோஃபெனும் வேண்டாம். இருமல், மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, குழப்பமான பேச்சு இவற்றில் எது வந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. வேப்பிலையால் மெல்ல வருடிக்கொள்ளட்டும், தடையில்லை. வாசலில் வேப்பிலை கட்டி வெளியாட்களை உள்ளே விடாத நம் பாட்டிமார் வழக்கம், உண்மையில் நல்ல தனிமைப்படுத்தல். ஆனால் வேலைக்குத் திரும்ப மூன்று தண்ணீர் கணக்கு உதவாது. புதுக் கொப்புளம் வருவது நின்று, இருப்பதெல்லாம் பொருக்குத் தட்டியிருக்க வேண்டும். பலருக்கு ஐந்தாறு நாளில் ஆகிவிடும், பெரியவர்களுக்குக் கூடவும் ஆகலாம். பினாங்கு லெபோ குவீன் மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் இருந்தால், அதுவும் பொருக்குத் தட்டியபிறகே. 1833லிருந்து அங்கேயே இருக்கும் அம்மன், இன்னும் ஒரு வாரம் பொறுத்துக்கொள்வாள்.

விடுப்புச் சம்பளம் பற்றி நீங்கள் கேட்கவில்லை. ஆனால் நோய் மறைக்கப்படுவது அங்கேதான். வேலைச் சட்டப்படி இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கும் ஆண்டுக்கு 14 நாள் நோய் விடுப்பு உண்டு, அதனால் கொப்புளம் கண்டவருக்கு எம்சி, அதாவது மருத்துவ விடுப்புச் சான்று, கிடைக்கும். நோயே வராமல் இரண்டு வாரம் வீட்டில் உட்காரவேண்டியவருக்கு? அவர் நோயாளி இல்லை. அவருடைய ஆண்டு விடுப்பைப் பிடுங்காமல் முதலாளி சம்பளம் கொடுப்பதுதான் சரி என்பது என் கட்சி. ஹவுஸ்மேனாக, அதாவது பயிற்சி டாக்டராக, இருந்த காலத்தில், பதில் ஆள் இல்லை என்ற பயத்தில் காய்ச்சலை மறைத்துக்கொண்டு வார்டில் சுற்றியவன் நான். சம்பளம் போகும் என்றால் உங்கள் ஆட்களும் கொப்புளத்தைச் சட்டைக் கைக்குள் மறைப்பார்கள்.

கடைசியாக, திங்கள்கிழமை அப்பாயின்ட்மென்ட் புத்தகத்தை எடுங்கள். அன்று வந்தவர்களிலும், கூட வந்தவர்களிலும் கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், புற்றுநோய் மருந்தோ ஸ்டீராய்டோ எடுப்பவர்கள், சிறுநீரகம் மாற்றியவர்கள் யார் என்று பார்த்து அவர்களை முதலில் கூப்பிடுங்கள். "எங்கள் ஊழியர் ஒருவருக்குச் சின்னம்மை, உங்கள் டாக்டரிடம் இன்றே சொல்லுங்கள்" என்றால் போதும். யாருக்கு என்று கேட்பார்கள். பெயரைச் சொல்லாதீர்கள்.